மாட்டுப்பால் இல்லாமல் நுரைக் கோப்பி: தேங்காய்ப்பால் ஏன் சரிவராது, சோயாவும் கச்சானும் ஏன் சரிவரும்

[திரையில்: ஒரே அளவான மூன்று கண்ணாடிக் கிளாஸ், மூன்றிலும் வெள்ளைப் பால். பக்கத்தில் பற்றறியில் ஓடும் சின்ன நுரைக்கம்பி.]

சரி, நேரே விஷயத்துக்கு வருவோம். கூல்பாரில் கப்புச்சினோ கேட்டால் மேலே நுரை ததும்பத் தருகிறார்களே, அதை வீட்டில், மாட்டுப்பால் சேர்க்காமல் செய்ய முடியுமா? முடியும். பெரிய மெஷின் ஒன்றும் தேவையில்லை. எந்தப் பாலை எடுக்கிறீர்கள் என்பதிலேயே முக்கால்வாசி வேலை முடிந்துவிடுகிறது. பால் பிழைத்தால், எத்தனை ஆயிரம் ரூபாய்க் கம்பி வாங்கினாலும் நுரை நிற்காது.

வன்னியில் மாட்டுக்கா பஞ்சம் என்று கேட்பீர்கள். பஞ்சமில்லைதான். ஆனால் பால் குடித்தால் வயிறு ஊதுகிற ஆட்கள் வீட்டுக்கு ஒருவராவது இருப்பார்கள், பாலிலுள்ள லாக்டோஸ் என்ற சீனி அவர்களுக்குச் செமிக்காது. 2022இல் பால்மாவுக்கு வரிசையில் நின்று, கடைசியில் பிளேன்ரீயோடு வீட்டுக்குப் போன காலத்தையும் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். மாட்டுப்பால் கூடாது என்று சொல்ல இந்த வீடியோ இல்லை. வேறு வழியும் தெரிந்திருக்கட்டும், அவ்வளவுதான்.

[திரையில்: ஒரு குமிழியின் வரைபடம். சுற்றிவர மெல்லிய தோல், உள்ளே காற்று.]

நுரை என்பது பாலுக்குள் மாட்டிக்கொண்ட காற்று. வெறும் தண்ணீரை அடித்தாலும் குமிழி வரும், வந்த வேகத்தில் உடையும். பாலில் உடையாமல் நிற்பதற்குக் காரணம் புரதம். அடிக்கும்போது புரதம் போய்க் காற்றைச் சுற்றி ஒட்டி ஒரு தோல் கட்டிவிடுகிறது. எண்ணெய் கூடினால் அந்தத் தோல் அங்கங்கே விட்டுப்போகும். வயல் வரம்பில் நண்டு துளை போட்டால் என்ன நடக்கும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை, இங்கேயும் அதே கதைதான், ஓர் இடத்தில் விட்டால் பக்கத்துக் குமிழியோடு சேர்ந்து பெரிதாகி எல்லாம் படுத்துவிடும்.

ஆக, பார்க்க வேண்டியது இரண்டு: புரதம் எவ்வளவு, எண்ணெய் எவ்வளவு. மாட்டுப்பாலில் புரதம் 100 மில்லிலீற்றருக்கு 3 கிராமுக்குச் சற்று மேலே. இதை மனதில் வைத்துக்கொண்டு மூன்று கிளாஸையும் பாருங்கோ.

[திரையில்: முதல் கிளாஸ். நுரைக்கம்பி ஓடுகிறது. கம்பியை எடுத்ததும் நுரை இறங்குகிறது.]

இது தேங்காய்ப்பால், முதற்பால். பார்க்க நல்ல தடிப்பு, வாசமும் தூக்கும், ஆனால் நுரை? மேலே நாலைந்து பெரிய குமிழி, அதுவும் கம்பியை எடுத்த கையோடு போய்விட்டது. தேங்காய்ப்பூவில் மூன்றில் ஒரு பங்கு கொழுப்பு, புரதமோ நூற்றுக்கு மூன்றளவில்தான். முதற்பாலைப் பிழியும்போது அந்தக் கொழுப்புத்தான் முதலில் இறங்குகிறது. அப்படியென்றால் அதே பூவில் திரும்பத் தண்ணீர் விட்டுப் பிழிகிற கப்பிப்பாலில் எண்ணெய் குறைவுதானே, அதை அடிக்கலாமே என்று நினைக்கலாம். எண்ணெய் குறைவுதான், ஆனால் புரதமும் இல்லை, அது கிட்டத்தட்ட தண்ணீர். சொதிக்கும் பால்கஞ்சிக்கும் தேங்காயை விட்டால் ஆளில்லை, கோப்பி நுரைக்குத் தனியாக அது சரிவராது.

[திரையில்: இரண்டாவது கிளாஸ். நுரை ஏறி, கிளாஸின் விளிம்பு வரை வந்து நிற்கிறது.]

இது வீட்டில் காய்ச்சிய சோயாப்பால். வித்தியாசத்தைப் பார்த்தீர்களா? கிளாஸைச் சரித்தாலும் நுரை மெல்லத்தான் நகர்கிறது. சோயாக் கொட்டையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் புரதம். தாய்மாருக்கும் குழந்தைகளுக்கும் கிளினிக்கில் கொடுக்கிற திரிபோஷாச் சத்துமாவில் சோளத்தோடு சோயாவையும் சேர்ப்பது அதற்காகத்தான். கொஞ்சம் தடிப்பாகக் கரைத்தால் மாட்டுப்பாலுக்குக் கிட்டத்தட்டச் சமமான புரதம் வந்துவிடும். மூன்றாவது கிளாஸில் கச்சான் பால். இது இரண்டுக்கும் நடுவே. கச்சானில் புரதம் நாலில் ஒரு பங்கு, அதோடு எண்ணெயும் பாதிக்குக் கிட்ட. நுரை வருகிறது, சோயா அளவுக்கு நிற்கவில்லை. ஆனால் ருசி என்று கேட்டால் என் ஓட்டு கச்சானுக்குத்தான், வறுத்த கச்சான் வாசமும் கோப்பி வாசமும் அப்படிப் பொருந்தும்.

ஓட்ஸ் பாலும் பாதாம் பாலும் பலர் கேட்பது, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஓட்ஸை வீட்டில் அரைத்து வடித்துச் சூடாக்கினால் கஞ்சிப் பதத்தில் வழவழவென்று ஆகிவிடும், அது மாச்சத்து செய்கிற வேலை. கடையில் வருகிற ஓட்ஸ் பாலில் நொதி போட்டு அந்த மாச்சத்தை உடைத்துவிடுகிறார்கள். சுவீடனில் லுண்ட் பல்கலைக்கழக ஆய்விலிருந்துதான் 1990களில் அந்த முறை வெளியே வந்தது, இன்றைய ஓட்லி கம்பனியும் அதில் பிறந்ததுதான். பாதாம் விலைக்கு இங்கே யாரும் அதைக் கோப்பிக்குள் ஊற்றப் போவதில்லை, பக்கெற்றில் வருகிறதிலும் பெரும்பாலும் தண்ணீர்தான். விடுங்கள்.

[திரையில்: ஊறிய சோயாக் கொட்டை, தோல் மிதக்கிறது. பிளெண்டர், வெள்ளைத் துணி, சட்டி.]

இப்போது சோயாப்பால். 100 கிராம் கொட்டையை இரவே ஊறப்போடுங்கள். காலையில் இரண்டு மடங்காக ஊதியிருக்கும். கையால் கசக்கினால் தோல் கழன்று மிதக்கும், ஊற்றிவிடுங்கள், எல்லாத் தோலும் போக வேண்டும் என்று மினக்கெட வேண்டாம். அரைக்கும்போது பச்சைத்தண்ணீர் விடாமல் கொதித்த சுடுதண்ணீர் விட்டு அரையுங்கள். சோயாவில் ஒரு பச்சை அவரை மணம் வருமே, பலர் ஒருமுறை குடித்துவிட்டு இனி வேண்டாம் என்று சொல்வது அதனால்தான், கொட்டை உடைந்தவுடன் உள்ளே இருக்கிற ஒரு நொதி கொழுப்போடு சேர்ந்து அந்த மணத்தைக் கிளப்புகிறது. சுடுதண்ணீர் பட்டால் அந்த நொதி செத்துவிடும். பிளெண்டரைப் பாதிக்கு மேல் நிரப்பாமல், மூடியில் ஆவி போக இடம் விட்டு, மேலே ஒரு துணியை வைத்துப் பிடித்துக்கொள்ளுங்கள். ஆவி அடைபட்டால் மூடி எகிறி முகத்தில் அடிக்கும்.

மொத்தம் 700 மில்லிலீற்றர் தண்ணீர் போதும். துணியில் வடித்துப் பிழிந்து அடுப்பில் வையுங்கள். இந்த இடத்தில் கவனம். கொதிக்க முன்னமே சோயாப்பால் நுரைத்துப் பொங்கும், அதைப் பார்த்துக் கொதித்துவிட்டது என்று இறக்கிவிடக் கூடாது. அது பொய்க் கொதி. தீயைக் குறைத்து, கிளறிக்கொண்டே, உண்மையாகக் கொதிக்கத் தொடங்கிய பிறகு 15 முதல் 20 நிமிடம் விட வேண்டும். பச்சைச் சோயாவில் புரதத்தைச் செமிக்க விடாமல் தடுக்கிற ஒரு பொருள் இருக்கிறது, நன்றாகக் காய்ந்தால்தான் அது அடங்கும், காயாத பாலைக் குடித்தால் வயிற்றைக் கலக்கும்.

கச்சானுக்கு இவ்வளவு பாடு இல்லை. முல்லைத்தீவுப் பக்கம் மணல் தரையில் கிண்டுகிற காலத்தில் நல்ல கச்சான் கிடைக்கும். லேசாக வறுத்துத் தோலை ஊதிவிட்டு, சில மணிநேரம் ஊறவைத்து, 100 கிராமுக்கு அரை லீற்றர் தண்ணீரில் அரைத்து, வடித்து, 10 நிமிடம் கொதிக்க விடுங்கள். ஆறிய பிறகு குளிரில் வைத்தால் மேலே ஆடை மாதிரி எண்ணெய்ப் பகுதி ஏறி நிற்கும், அதை ஒரு கரண்டியால் வழித்தெடுத்துவிட்டால் நுரை கூடும். பூஞ்சணம் பிடித்த கொட்டை, சுருங்கிக் கறுத்த கொட்டை, கசக்கிற கொட்டை எல்லாவற்றையும் முதலிலேயே பொறுக்கி எறிந்துவிடுங்கள், அந்தப் பூஞ்சணத்தின் நஞ்சு கொதியில் போகாது. கச்சான் ஒவ்வாமை உள்ள ஆட்களுக்கு இது ஒரு சொட்டும் கூடாது. வீட்டுக்கு வந்தவர்களுக்குக் கொடுக்க முன்னம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுக் கொடுங்கள்.

தேங்காய் வாசம் இல்லாமல் மனம் கேட்காது என்கிறவர்கள் மூன்று பங்கு சோயாப்பாலுக்கு அரைப் பங்கு முதற்பால் கலந்து பாருங்கள். நுரை கொஞ்சம் தாழும், ருசி ஏறும்.

[திரையில்: கோப்பித்தூள், மூடிய பேணி, துணி வடி.]

கோப்பி பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. எஸ்பிரெசோ மெஷின் இல்லாத வீட்டில் கடைத்தூளே போதும். இரண்டு மேசைக்கரண்டித் தூளுக்கு 100 மில்லிலீற்றர் கொதிநீர், மூடி ஐந்து நிமிடம், துணியில் வடி. கறுப்பாக, தடிப்பாக இருக்க வேண்டும், பால் சேர்ந்த பிறகும் கோப்பி கோப்பியாகவே தெரிய வேண்டும். மல்லியும் சுக்கும் போட்ட தூள் என்றாலும் நல்லதுதான்.

[திரையில்: எவர்சில்வர்ப் பேணியின் வெளிப்பக்கத்தில் உள்ளங்கை.]

இனி நுரை. பாலை 60 பாகை செல்சியஸ் அளவுக்குச் சூடாக்க வேண்டும், 70ஐத் தாண்டினால் கோப்பியில் ஊற்றும்போது சோயா திரையக்கூடும், நுரையும் காய்ந்து சொரசொரக்கும். வெப்பமானி இல்லையா? எவர்சில்வர்ப் பேணியில் சூடாக்கிக் கையை வெளிப்பக்கத்தில் வையுங்கள். இரண்டு எண்ணுவதற்குள் கையை எடுக்க வைக்கிற சூடு வந்ததும் இறக்கிவிடலாம்.

நுரைக்கம்பி இருந்தால், கம்பியைச் சரித்து, அதன் தலை பாலின் மேல்மட்டத்துக்குச் சற்றுக் கீழே நிற்கும்படி பிடியுங்கள். 'ஸ்ஸ்' என்று காற்று இழுக்கிற சத்தம் கேட்கும். பத்துப் பதினைந்து விநாடி போதும். பிறகு கம்பியை அடிக்கு இறக்கி இன்னும் அவ்வளவு நேரம் சுழலவிடுங்கள், பெரிய குமிழி எல்லாம் உடைந்து சின்னதாகும். பலர் இந்த இரண்டாவது பகுதியைச் செய்வதில்லை, அதனால்தான் சவர்க்கார நுரை மாதிரி வருகிறது என்று முறைப்பாடு. முடிந்ததும் பேணியை மேசையில் இரண்டு தட்டுத் தட்டி ஒரு சுழற்றுச் சுழற்றினால் மேற்பரப்பு பளபளவென்று வரும்.

கம்பி இல்லாவிட்டால் ஜாம் போத்தல். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஊற்றக் கூடாது, நுரை ஏற இடம் வேண்டும். போத்தலை முதலில் இளஞ்சூட்டுத் தண்ணீரில் அலசிவிடுங்கள், குளிர்ந்த கண்ணாடி சூட்டுக்கு வெடிக்கும். துவாயால் சுற்றிப் பிடித்து அரை நிமிடம் பலமாகக் குலுக்கி, மூடியை மெல்லத் திறவுங்கள். பிரெஞ்ச் பிரஸ் வைத்திருப்பவர்களுக்கு இன்னும் சுகம், அதே மூன்றில் ஒரு பங்கு பாலை விட்டுக் கைப்பிடியை மேலும் கீழும் இருபது தரம் அடித்தால் கடை நுரைக்குக் கிட்ட வந்துவிடும். அம்மம்மாவின் மோர் மத்து கிடந்தால் அதையும் எடுத்துப் பாருங்கோ, உயரமான ஒடுங்கிய பாத்திரத்தில் உள்ளங்கைகளுக்கு இடையே உருட்டினால் அதுவும் நுரைக்கும், குமிழிதான் கொஞ்சம் பெரிது. தேத்தண்ணீர்க் கடை மாதிரி இழுத்து ஆற்றினால் நுரை வரும், ஆனால் பாலும் ஆறிப்போகும்.

எதில் செய்தாலும் பாத்திரத்தில் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கக் கூடாது. சம்பல் அரைத்த பிளெண்டர், தேங்காய்ப்பால் பிழிந்த துணி, இரண்டையும் சுடுதண்ணீரும் சவர்க்காரமும் போட்டுத் தேய்த்த பிறகு எடுங்கள்.

[திரையில்: கோப்பிக்குள் சோயாப்பால் விழுந்து துணுக்குத் துணுக்காகப் பிரிகிறது.]

நுரை சரியாக வந்து, கோப்பிக்குள் ஊற்றியதும் இப்படித் திரைந்தால்? இதற்குக் காரணம் புளிப்பும் சூடும். கோப்பி இயல்பிலேயே புளிப்புப் பக்கம் உள்ளது, சோயாப் புரதம் புளிப்போடு சூடும் சேர்ந்தால் கட்டியாகும். கொதிக்கக் கொதிக்க உள்ள கோப்பியில் ஊற்றாமல் இரண்டு மூன்று நிமிடம் ஆறவிடுங்கள், பாலும் சூடாக இருக்கட்டும், குளிர்ப்பாலை விட்டால் இன்னும் வேகமாகத் திரையும். நன்றாகக் கறுக்க வறுத்த தூளில் புளிப்புக் குறைவு.

நம்முடைய இடத்துக்கே உரிய ஒரு காரணம் தண்ணீர். கேத்திலின் உள்ளே வெள்ளையாகப் படிகிறதே, அது கல்சியம். டோஃபு செய்கிறவர்கள் சோயாப்பாலைக் கட்டியாக்குவதற்குக் கல்சிய உப்புத்தான் போடுவார்கள், நீங்கள் அதையே கிணற்றுத் தண்ணீர் வழியாகக் கோப்பிக்குள் போடுகிறீர்கள். அடிக்கடி திரைந்தால் ஒருமுறை சுத்திகரித்த குடிதண்ணீரில் கோப்பி போட்டுப் பாருங்கள். அதற்கும் அடங்காவிட்டால் பாலில் ஒரு சிட்டிகை அப்பச்சோடா, சிட்டிகைக்கு மேல் போனால் வாயில் தெரியும். கடையில் 'பரிஸ்டா' என்று போட்ட பக்கெற்றின் பின்பக்கம் ஈ 340 என்று இருந்தால் அதுவும் இந்த வேலைக்குத்தான், புளிப்பைச் சமப்படுத்துகிற பொஸ்பேற்று.

பனங்கட்டியையும் கோப்பிக்குள் கரைக்க வேண்டாம், அதுவும் பாலைத் திரைக்கும். கடித்துக்கொண்டு குடியுங்கள், அந்த ருசியே வேறு.

[திரையில்: கரண்டியால் நுரையைத் தடுத்துப் பால் மட்டும் விழுகிறது, பிறகு நுரை.]

ஊற்றும்போது கரண்டியால் நுரையைத் தடுத்து முதலில் பாலை விடுங்கள், கடைசியில் நுரையை வழித்து மேலே போடுங்கள். அடித்த நுரையைப் பிறகு பார்க்கலாம் என்று வைக்கக் கூடாது, கோப்பி தயாரான பிறகே பாலை அடியுங்கள். மிஞ்சிய சோயாப்பால் குளிரில் இரண்டு மூன்று நாள் நிற்கும், கரண்ட் அடிக்கடி போகிற இடமென்றால் அன்றன்றைக்கே முடித்துவிடுங்கள். துணியில் மிஞ்சுகிற சக்கையை எறிய வேண்டாம், ரொட்டி மாவோடு வெங்காயமும் பச்சைமிளகாயும் சேர்த்துப் பிசைந்து சுட்டால் காலைச் சாப்பாடும் ஆச்சு.