பட்டியல் யார் கையில்?

தேவிகுளம், பீர்மேடு, உடும்பஞ்சோலைப் பக்கத்துத் தமிழ் நேயர்களுக்கு வணக்கம்.

சர்வதேச உதவி அமைப்புகள் ஒரு நாட்டுக்குள் வந்தால் எப்படிச் சேர்ந்து வேலை செய்ய வேண்டும் என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். இது ஜெனீவாவில் பேச வேண்டிய விஷயம், மூணாறு மலையில் நமக்கு எதற்கு என்று ரேடியோவை அணைத்துவிடாதீர்கள். 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் பெரியவரைப் பாலம் உடைந்து, மறையூர்ப் பாதை அறுந்து கிடந்தபோது நம் முகாம்களுக்கு வந்த சாமான்களைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள்.

நான் போன முகாம் ஒரு அரசுப் பள்ளிக்கூடம். ஒரு வகுப்பறை முழுக்கக் கம்பளியும் பிஸ்கட் பெட்டியும். ஆனால் பிரஷர் மாத்திரை கிடையாது. சர்க்கரைக்காரர்கள் வெறும் பிஸ்கட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். கொழுந்து எடுக்கிற அம்மா ஒருவரிடம் ஒரே நாளில் மூன்று குழுவினர் வந்து பெயர், வயது, ஆதார் எண், என்னென்ன போனது என்று எழுதினார்கள். ஒரு படிவம் மலையாளத்தில், இரண்டு இங்கிலீஷில். மூன்றாவதாக வந்தவரிடம் அந்த அம்மா கேட்டார்: "காலையில எழுதிக்கிட்டுப் போனாங்களே சார், அவங்ககிட்டயே நீங்க வாங்கிக்கக் கூடாதா?"

உலகம் முப்பது வருஷத்துக்கு மேலாக மாநாடு கூட்டி விவாதிப்பது இந்தக் கேள்வியைத்தான். 1991 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபை ஒரு தீர்மானம் போட்டது: உதவிப் பணிகளை ஒருங்கிணைக்கத் தனிப் பொறுப்பாளர் வேண்டும், ஆனால் பாதிக்கப்பட்ட நாடுதான் முதலில் நிற்க வேண்டும் என்று. 2005-இல் துறைவாரியாகக் கூட்டுக்குழு அமைக்கும் முறை வந்தது. மருத்துவம் என்றால் உலக சுகாதார நிறுவனம், தண்ணீர், கழிப்பிடம் என்றால் யுனிசெஃப், இப்படித் துறைக்கு ஒரு தலைமை. அந்த அக்டோபரில் பாகிஸ்தான் நிலநடுக்கத்தில்தான் முதன்முதலாக அதைப் பயன்படுத்திப் பார்த்தார்கள். அதே ஆண்டு பாரிஸில், உதவி கொடுக்கும் நாடுகளும் வாங்கும் நாடுகளும் இனி ஒருங்கிணைந்து வேலை செய்வோம் என்று ஒரு பிரகடனத்தில் கையெழுத்திட்டன. காகிதத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

நடைமுறைக்கு வருவோம். 2010 ஜனவரியில் ஹைத்தி நாட்டில் நிலநடுக்கம். தலைநகர் விமான நிலையத்துக்குப் பக்கத்தில், ஐ.நா. முகாமுக்குள் கூட்டுக்குழுக்கள் கூடின. பெரும்பாலும் பேச்சு இங்கிலீஷில். அந்த நாட்டு மக்கள் பேசுவது கிரியோல், படித்தவர்கள் பிரெஞ்சு. உள்ளூர்ச் சங்கத்துக்காரர்களுக்கு வாசல் காவலைத் தாண்டுவதே பெரும்பாடு. தாண்டிப் போனாலும் பாஷை புரியாது. வெளியிலிருந்து வந்தவர்கள் தங்களுக்குள் நன்றாகவே ஒருங்கிணைந்தார்கள், வீட்டுக்காரர் வாசலில் நின்றார். பஞ்சாயத்துக் கூட்டத்தில் பேச்செல்லாம் மலையாளத்தில் நடந்து முடிந்த பிறகு, கையெழுத்துக்கு மட்டும் கூப்பிடப்பட்ட அனுபவம் உள்ளவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

வியட்நாமுக்கு 2005-இல் மட்டும் உதவி நிறுவனங்களின் குழுக்கள் எழுநூறுக்கும் மேல் வந்துபோயின. நாளுக்கு இரண்டு குழு என்றால், அந்த அதிகாரிகள் எப்போது வேலை பார்ப்பார்கள்? தான்சானியா அரசு இதற்கு ஒரு வழி கண்டது. பட்ஜெட் தயாரிக்கும் மாதங்களில் யாரும் குழு அனுப்பாதீர்கள், எங்களை வேலை செய்ய விடுங்கள் என்று சொல்லிவிட்டது. ஏழை நாடுதான், ஆனாலும் சொன்னது. எனக்குப் பிடித்த இடம் அதுதான். வருகிறவரைப் பார்த்து "இப்போது வேண்டாம்", "இங்கே வேண்டாம், அங்கே போ" என்று சொல்லும் அதிகாரம் உள்ளூரில் ஒருவரிடம் இருக்க வேண்டும். அது இல்லாமல் எத்தனை கூட்டம் போட்டாலும் டீச் செலவுதான்.

2004 சுனாமி இதற்கு நல்ல சாட்சி. இந்தோனேசியாவின் ஆச்சே பகுதிக்கு நூற்றுக்கணக்கான அமைப்புகள் வந்து குவிந்தன. அரசு 2005 ஏப்ரலில் ஒரு மறுசீரமைப்பு முகமையை உருவாக்கி, குந்தோரோ மங்குசுப்ரோத்தோ என்பவரைத் தலைவராக்கி, நேராக ஜனாதிபதிக்குக் கீழே வைத்தது. எந்த அமைப்பாக இருந்தாலும் என்ன கட்டப் போகிறாய், எங்கே என்று எழுதிக் கொடுத்து அனுமதி வாங்க வேண்டும். நாலு வருஷம் நடத்திவிட்டு, 2009-இல் அந்த முகமையையே மூடிவிட்டார்கள். வேலை முடிந்ததும் அலுவலகத்தை மூடியது நம் ஊரில் நம்பக் கஷ்டமான செய்தி!

நாகப்பட்டினத்திலும் அப்போது சாலையோரமெல்லாம் பழைய துணி மலையாகக் கிடந்தது. மீனவக் குடும்பங்கள் தொடவில்லை. தொட வேண்டிய அவசியமும் அவர்களுக்கு இல்லை. சில நாட்களிலேயே, திருவனந்தபுரத்தைத் தலைமையிடமாகக் கொண்ட தென்னிந்திய மீனவர் சங்கக் கூட்டமைப்பும், நாகையின் சினேகா அமைப்பும் ஆட்சியர் அலுவலகத்தோடு கைகோத்து ஒரு ஒருங்கிணைப்பு மையம் திறந்தன. எந்தக் குப்பத்தில் என்ன குறை என்று எழுதி வைத்து, வருகிறவர்களை அந்தந்த இடத்துக்குத் திருப்பிவிட்டார்கள். அப்படியும் படகு விஷயத்தில் கை மீறிப் போனது. படகு கொடுத்தால் போட்டோ நன்றாக வரும், பாருங்கள். தேவைக்கு மேல் ஃபைபர் படகுகள் வந்து இறங்கின.

நம் வெள்ளத்துக்கு வருகிறேன். வெளிநாட்டு அரசுகளின் நிவாரணப் பணத்தை வாங்குவதில்லை என்பது சுனாமி காலத்திலிருந்து டில்லியின் வழக்கம். 2018-லும் அதைத்தான் சொன்னார்கள். கேரளத்தில் அது பெரிய சண்டையானது. ஆனால் கணக்கெடுக்க வந்தவர்களைத் தடுக்கவில்லை. உலக வங்கியும் ஆசிய வளர்ச்சி வங்கியும் சேர்ந்து சுமார் 25,000 கோடி ரூபாய் என்றன. பிறகு ஐ.நா. அமைப்புகள் மாநில அரசோடு சேர்ந்து எடுத்த கணக்கில், மீண்டெழச் சுமார் 31,000 கோடி வேண்டும் என்று வந்தது. வெள்ளம் ஒன்று, கணக்கு இரண்டு. அந்த அம்மாவின் கேள்வி மேல்மட்டத்துக்கும் பொருந்துகிறது. பின்னர் கேரள மறுநிர்மாணத் திட்டம் என்று மாநிலமே ஒரு வாசலைத் திறந்து, கடன்களை அந்த வழியாக வரச் செய்தது நல்ல காரியம்.

யாருக்கு என்ன தேவை என்ற பட்டியல் அரசு கையில் இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் நான் சொல்லவில்லை. நாம் குடியிருக்கும் எஸ்டேட் வரிசை வீடு, அதாவது லயத்து வீடு, கம்பெனியுடையது. படிவத்தில் "வீட்டு உரிமையாளர்" என்று கேட்டால் நம் ஆட்கள் என்ன எழுதுவார்கள்? 2020 ஆகஸ்ட் 6 இரவு மூணாறு பக்கத்துப் பெட்டிமுடியில் மண் சரிந்து எழுபது பேரை இழந்தோம். நாலு பேர் கிடைக்கவே இல்லை. மறுநாள் காலையில்தான் வெளியே சேதி தெரிந்தது. அந்த ராத்திரி எந்த லயத்தில் யார் யார் தூங்கினார்கள் என்பது எஸ்டேட் செக்ரோலில், அதாவது வருகைப் பதிவேட்டில், இருக்காது. பக்கத்து வீட்டுக்காரருக்குத்தான் தெரியும்.

2020-இல் கேரளத்தில் 'நம்மள் நமுக்காயி', அதாவது 'நமக்காக நாம்', என்று ஒரு இயக்கம் நடத்தி, ஒவ்வொரு பஞ்சாயத்தும் தனக்கென்று பேரிடர் திட்டம் எழுதச் சொன்னார்கள். அடுத்த கிராம சபையில் அதை மேசைமேல் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். உங்கள் லயம் அதில் இருக்கிறதா, படுத்த படுக்கையாக இருப்பவர்கள் எத்தனை பேர், பாதை அறுந்தால் எந்தப் பள்ளிக்கூடம் முகாம் என்று கேளுங்கள். மலையாளம் வராதென்று தயங்க வேண்டாம். 1969-ஆம் ஆண்டுக் கேரள ஆட்சிமொழிச் சட்டப்படி நம் பகுதி அரசு அலுவலகங்களுக்குத் தமிழில் மனு கொடுக்கலாம்; பதிலையும் தமிழிலேயே கேட்டு வாங்கலாம்.