தூங்கினவன் கன்று கடாக்கன்றா?

தலைப்பு: பிளஸ் டூ பிள்ளைகளைக் கரையேற்றுவது கண்விழிப்பா, அளவான தூக்கமா?
'அளவான தூக்கமே' அணியின் உரை. பாளையங்கோட்டை.

நடுவர் அய்யாவுக்கும், ரெண்டு அணியிலும் உள்ளவங்களுக்கும், வேலையை முடிச்ச கையோட வந்து உக்காந்திருக்கிற பெற்றோருக்கும், முன்வரிசைப் பிள்ளைகளுக்கும் வணக்கம்.

எதிரணி அண்ணாச்சி ஒரு பழமொழியை எறிஞ்சிட்டுப் போயிருக்காரு. அதை முடிச்சிட்டுத்தான் மத்ததுக்கு வருவேன். 'தூங்கினவன் கன்று கடாக்கன்று'ன்னாரு. அதோட விட்டாரா? எங்க பெஞ்சைக் கையைக் காட்டி, 'இந்த நாலு பேரு முகத்தையும் பாருங்க, நாலு வீட்டுத் தொழுவத்துலயும் கடாக்கன்னுதான் நிக்கும்'னாரு. நல்லாக் கைதட்டினிய. சரி.

அண்ணாச்சி, பழமொழியைச் சொன்னிய, கதையைச் சொல்லலையே. நான் சொல்லுதேன். சேரன்மாதேவிப் பக்கம் ஒரு ஊருன்னு வச்சுக்குவோம். அடுத்தடுத்த தொழுவம். ரெண்டு எருமையும் நிறைசினை. ஒரே ராத்திரியில ரெண்டும் ஈனுது. ஒருத்தன் முழிச்சிருக்கான், அவன் எருமை போட்டது கடாக்கன்னு. கடாக்கன்னு வளர்ந்து பால் கொடுக்குமா? எட்டிப் பாக்கான். பக்கத்துத் தொழுவத்துல கிடேரிக்கன்னு, உடையவன் நல்ல தூக்கம். சத்தம் காட்டாமத் தூக்கி மாத்திட்டான். விடிஞ்சு பாத்தா தூங்கினவன் தொழுவத்துல கடாக்கன்னு. இதுதானே கதை?

இப்ப நீங்களே சொல்லுங்க. இதுல குத்தவாளி யாரு? ராத்திரியில தூங்கினவனா, அடுத்தவன் தொழுவத்துல கை வச்சவனா? களவாண்டவனை விட்டுட்டு, காலம் காலமாத் தூங்கினவனைத் திட்டிக்கிட்டிருக்கோம்! நம்ம பிள்ளைகள் கிட்ட இருந்து ராத்திரிக்கு நாலு மணி நேரம் களவு போயிருக்கு. எடுத்தது யாருன்னு பின்னால சொல்லுதேன்.

அதுக்கு முன்னால இன்னொண்ணு. கன்னு மாறுதது தூங்குதவன் தொழுவத்துல இல்ல அண்ணாச்சி, முழிச்சவன் மண்டைக்குள்ள. பகல்ல படிச்சதை மூளையில ஹிப்போகாம்பஸ்னு ஒரு பகுதி தற்காலிகமா வாங்கி வைக்கும். ஆழ்ந்த தூக்கத்துலதான் அது திரும்பத் திரும்ப ஓடி, மேல்மூளையில நிரந்தரமாப் பதியுது. தூக்கம் ஏறக்குறைய 90 நிமிசச் சுற்றாப் போகும். முதல் பாதி ராத்திரியில ஆழ்ந்த தூக்கம் கூடுதல், விடியக்காலைச் சுற்றுகள்ல கனவுத் தூக்கம் கூடுதல். பன்னெண்டு மணிக்குப் படுத்து நாலு மணிக்கு எந்திரிக்கிற பிள்ளைக்கு அந்தக் கனவுத் தூக்கத்துல பெரும்பகுதி போச்சு. தூக்கம் இப்படி அரைகுறையானதாலதான், செல் பிரியுற பாடத்துல மைட்டாசிஸ் படிச்சவன் பரிட்சையில மியாசிஸ் எழுதுதான். ராத்திரி பூரா முழிச்சிருந்து கிடேரியைப் படிச்சான், விடைத்தாள்ல கடா வந்து நிக்குது!

அடுத்து, 'தூங்காம இருந்து எவனும் கெட்டதில்ல'ன்னு ஒரு வார்த்தை விட்டாரு. கெட்ட கதை ஒண்ணு இருக்கு. அமெரிக்காவுல சான் டியாகோன்னு ஒரு ஊரு. ராண்டி கார்ட்னர்னு ஒரு பையன், வயசு 17, நம்ம பிளஸ் டூ வயசு. பள்ளிக்கூட அறிவியல் கண்காட்சிக்காக, மனுசன் எத்தனை நாள் தூங்காம இருக்கலாம்னு தன்னையே வச்சுச் சோதிச்சான். 1963 டிசம்பர் கடைசியில ஆரம்பிச்சு 1964 ஜனவரியில முடிச்சான். 11 நாள், 264 மணி நேரம்! ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்துல இருந்து வில்லியம் டிமென்ட்ங்கிற தூக்க ஆராய்ச்சியாளர் வந்து பக்கத்துலயே இருந்தாரு. பத்தாவது நாள் பையனோட பின்பால்ங்கிற மெஷின் விளையாட்டு விளையாடினாரு. யாரு ஜெயிச்சா? பையன்!

எதிரணியில சிரிப்பு வருது. பொறுங்க அண்ணாச்சி. பதினொண்ணாவது நாள் ஒரு கணக்குக் கொடுத்தாங்க. நூறுல இருந்து ஏழு ஏழாக் கழிச்சுக்கிட்டே வா, அவ்வளவுதான். முன்வரிசைப் பிள்ளைகளா, என்னோட சேர்ந்து சொல்லுங்க. 100. 93. 86. இன்னும் சத்தமா! 79. 72. 65. அடுத்து? 58! நீங்க சொல்லிட்டிய. அவன் சொல்லல. 65ல நின்னுட்டான். 'ஏம்ப்பா நிறுத்திட்ட?'ன்னு கேட்டாங்க. என்ன செஞ்சுக்கிட்டிருந்தோம்கிறதே மறந்துபோச்சுன்னான்.

கழிக்கத் தெரியாதவன் இல்ல, அஞ்சு தடவை சரியாக் கழிச்சிருக்கான். ஆறாவது தடவை, கழிக்கணும்கிறதே மண்டையில இல்ல. பின்பால்ல ஜெயிச்ச கை அப்படியே இருக்கு, கணக்கைப் பிடிச்சு வைக்கிற இடம் காலி. இந்த ரெண்டையும் சேர்த்து வச்சுப் பாக்கணும். ராத்திரி ஒரு மணிக்கு உங்க பிள்ளை மூணு கலர் பேனாவுல அழகழகாக் குறிப்பு எழுதுது. நீங்க கதவிடுக்குல பாத்துட்டு, படிக்கான்னு சந்தோசப்படுதிய. கை ஓடுது. உள்ள 65ல நிக்கு!

'அவன் பதினொரு நாளு, எம்பிள்ளை தினம் ஆறு மணி நேரம் தூங்குதே'ன்னு அங்க ஒரு அம்மா சொல்லுதாங்க. நல்ல கேள்வி. பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வு ஒண்ணு 2003ல வெளியாச்சு. பெரியவங்களை 14 நாள், தினம் 6 மணி நேரம் மட்டும் படுக்க விட்டாங்க. கடைசியில அவங்க கவனம் எந்த நிலைக்கு இறங்கிச்சு தெரியுமா? ஒரு ராத்திரி, ரெண்டு ராத்திரி அடியோட தூங்காதவங்க நிலைக்கு. இதுல ஆபத்து எங்கன்னா, தனக்கு அவ்வளவு குறைஞ்சிருக்குன்னு அவங்களுக்கே தெரியல. அதனால 'எனக்குப் பழகிருச்சு'ன்னு பிள்ளை சொன்னா நம்பாதிய.

இது மார்க்குல எங்க கடிக்கும்? பிளஸ் டூ இயற்பியல் எழுத்துத் தாள் 70 மார்க்கு, அதுல 15 ஒரு மார்க் கேள்வி. 'தவறான கூற்று எது'ன்னு இருக்கும், கண்ணு 'தவறான'வைத் தாண்டிப் போயிரும். நீட்டுக்குப் போறவனுக்கு இன்னும் மோசம். 180 நிமிசத்துல 180 கேள்வி. சரிக்கு நாலு, தப்புக்கு மைனஸ் ஒண்ணு. தெரிஞ்ச கேள்வியை அசதியில தப்பாக் குறிச்சா அஞ்சு மார்க்கு போச்சு.

மார்க்கை விடுங்க. 17 மணி நேரம் முழிச்சிருந்தவன் கவனம், ரத்தத்துல 0.05 சதவீதம் சாராயம் உள்ளவன் கவனத்துக்குச் சமமாயிருதுன்னு ஆய்வு இருக்கு. நம்ம நாட்டுல வண்டி ஓட்ட சட்டம் விடுற அளவு 0.03. நாலரைக்கு எந்திரிச்ச பையன் ஒன்பதரைக்கு டியூஷன் முடிஞ்சு வண்ணார்பேட்டை பைபாஸ்ல வண்டியில வருதான். பதினேழு மணி நேரம் ஆச்சு. கணக்குப் பாத்துக்கிடுங்க.

இப்பக் களவாணியைச் சொல்லுதேன். ஒண்ணு, ரெண்டு நேர டியூஷன். காலையில அஞ்சரைக்கு ஒண்ணு, பள்ளிக்கூடம், ஸ்பெஷல் கிளாஸ், சாயங்காலம் இன்னொண்ணு. ஒரே பாடத்தை மூணு பேரு சொல்லிக் கொடுக்காங்க, தானா உக்காந்து படிக்க நேரம் எங்க? ஒண்ணை நிறுத்துங்க, காலை டியூஷனை நிறுத்துங்க. இந்த வயசுல உடம்புக்குள்ள ஓடுற கடிகாரமே பிந்தித்தான் ஓடும். தூக்கத்தைக் கூட்டிட்டு வர்ற மெலடோனின் பெரியவங்களைவிடத் தாமதமாச் சுரக்கும். சோம்பேறித்தனம் இல்ல அது, வளர்ச்சி. சியாட்டில் நகரத்துல 2016ல உயர்நிலைப் பள்ளி தொடங்குற நேரத்தை ஒரு மணி நேரம் போலத் தள்ளி வச்சாங்க. பிள்ளைகள் இன்னும் பிந்திப் படுக்கும்னுதான் எல்லாரும் பயந்தாங்க. படுக்கல, தினம் 34 நிமிசம் கூடத் தூங்கிச்சு.

ரெண்டாவது களவாணி போன். 'அலாரத்துக்குத்தான்'னு தலைமாட்டுல வைக்கும். ஒரு டைம்பீஸ் வாங்கிக் கொடுத்துட்டுப் போனை நடுவீட்டுல சார்ஜ் போடுங்க. உங்க போனையும் சேர்த்து.

இந்த வயசுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேணும். எப்படிக் கொண்டுவர? எந்திரிக்கிற நேரத்தை முதல்ல கட்டுங்க, ஆறு மணி. படுக்க ஒன்பதே முக்கால். ஆனா நாளைக்கே பன்னெண்டுல இருந்து ஒன்பதே முக்காலுக்குத் தாவக் கூடாது. முழிச்சுக்கிட்டே கிடந்துட்டு, ரெண்டு நாள்ல விட்டுரும். மூணு நாளைக்கு ஒருதடவை 15 நிமிசம் முன்னால நகர்த்துங்க, ஒரு மாசத்துக்குள்ள வந்து சேரும். இப்ப ஆரம்பிச்சா அரையாண்டுக்கு முன்னால ஆச்சு. ஞாயித்துக்கிழமையும் ஏழு மணிக்கு மேல படுக்க விடாதிய, அன்னிக்கு ராத்திரி தூக்கம் வராது. காலையில எந்திரிச்சதும் வாசல்ல, மொட்டை மாடியில கால் மணி நேரம் வெளிச்சம் படட்டும்.

பள்ளிக்கூடம் விட்டு வந்து அசந்தா 20 நிமிசம் படுக்கலாம், அஞ்சு மணிக்குள்ள. அரைமணி தாண்டினா ஆழத்துக்குப் போயிரும், எழுப்பினா எரிஞ்சு விழும். அப்புறம் 50 நிமிசம் படிப்பு, 10 நிமிசம் ஓய்வுன்னு மூணு சுற்று, கடினமான பாடம் முதல்ல. எட்டு மணிக்குச் சாப்பாடு, பத்து மணிக்குப் புரோட்டா சால்னா வேண்டாம். எட்டரைக்கு மேல புதுப் பாடம் எடுக்கவே கூடாது. புத்தகத்தை மூடிட்டு, வெள்ளைத் தாள்ல இன்னிக்குப் படிச்சதை எழுதிப் பாக்கணும். வராததைக் குறிச்சு வச்சுட்டுப் படுத்திரணும். காலையில ஆறேகாலுக்கு அந்தக் குறிச்சதை மட்டும் மறுபடி. அதே பாடம் மூணாம் நாள் ஒருதடவை, ஏழாம் நாள் ஒருதடவை.

டீ மூணு மணியோட சரி. உள்ள போன காபீன் பாதி குறையவே அஞ்சு மணி நேரம் போல ஆகும். ஒன்பது மணிக்குக் குடிச்ச டீயில பாதி, ராத்திரி ரெண்டு மணிக்கும் ரத்தத்துல இருக்கு. பெண்பிள்ளைகள் எட்டு மணி நேரம் தூங்கியும் வகுப்புல சோர்ந்தா ரத்தச்சோகை பாக்கணும். பள்ளிக்கூடத்துல கொடுக்கிற நீல இரும்புச்சத்து மாத்திரையை முழுங்குதாங்களா, ஜன்னல் வழியா எறியுதாங்களான்னு விசாரிங்க. சோத்தோட டீ குடிச்சா அந்த இரும்பும் ஒட்டாது. வாயைப் பிளந்து குறட்டை விடுத பிள்ளையை டாக்டர்கிட்டக் காட்டுங்க.

மணி அடிச்சிட்டாங்க. அய்யா, ஒரு நிமிசம்.

மேலப்பாளையத்துலயும் முக்கூடல்லயும் பீடி சுத்துத தாய்மார் இங்க வந்திருக்கிய. பிள்ளை முழிச்சிருக்கேன்னு, மடியில தட்டை வச்சுக்கிட்டு நீங்களும் முழிச்சிருக்கிய. அவன் ஒரு பக்கம் புரட்ட, நீங்க ஒரு இலையைச் சுருட்ட. கண்ணு சொருகும்போது எந்திரிச்சுப் போய் அவனுக்கு ஒரு டீ. தான் படிக்க முடியாம நின்ன வகுப்பை எம்பிள்ளை தாண்டணும்னு நினைக்கிய. அந்த நினைப்புக்கு முன்னால எந்த ஆராய்ச்சியும் பேச முடியாது. நான் அதோட வாதாட வரல தாயி. ஆனா அந்தப் பிள்ளை உங்களைப் பாத்து, அம்மா முழிச்சிருக்கா, நான் படுத்தா நல்லாருக்குமான்னு உக்காந்திருக்கு. உங்களுக்காக அது முழிக்குது, அதுக்காக நீங்க முழிக்கிய. யாராவது ஒருத்தர் முதல்ல விளக்கை அணைக்கணும். நீங்க அணைங்க. 'எய்யா, போதும்யா, வா படு'ன்னு ஒரு வார்த்தை உங்க வாயில இருந்து வரட்டும். இத்தனை வருசமா 'படி, படி'ன்னே கேட்ட பிள்ளைக்கு அது எப்படி இருக்கும்னு நினைச்சுப் பாருங்க!

நடுவர் அய்யா, மணி ஒன்பதாகப் போகுது. யாருக்குத் தீர்ப்பு சொன்னாலும் சரி, சீக்கிரம் சொல்லிருங்க. களக்காட்டுக்கும் நாங்குநேரிக்கும் பஸ் பிடிக்க வேண்டிய பிள்ளைகள் இருக்கு, காலையில பள்ளிக்கூடம். வணக்கம்.