கல்லுக்கு அடியில் பாம்பா? வெட்டுப்புள்ளி வரும்வரை ஏன் வயிறு கலங்குகிறது?

(கல்லடிப் பாலம், பின்னேரம். பின்னால் வாவி.)

வணக்கம் மக்களே. இரண்டு கல் இருக்கிறது. ஒன்றுக்குக் கீழே பாம்பு கட்டாயம் உண்டு. மற்றதில் இருந்தாலும் இருக்கும், இல்லாமலும் போகும். எதைப் புரட்டும்போது உங்களுக்கு அதிகமாக வியர்க்கும்? கொமெண்டில் போட்டுவிட்டு மிச்சத்தைப் பாருங்கள். ஏ.எல் (உயர்தரப் பரீட்சை) பெறுபேறு வந்த பிறகு வெட்டுப்புள்ளிக்காக, அதாவது கம்பஸில் இடம் கிடைக்கத் தேவையான ஆகக் குறைந்த புள்ளிக்காகக் காத்திருக்கிற தம்பி தங்கச்சிமாருக்கு இந்த வீடியோ.

சலிப்பான பகுதியை முதலில் ஓட்டிவிடுகிறேன். பல்கலைக்கழகத்தில் பெரும்பாலான பாடநெறிகளில் 40 வீத இடம் அகில இலங்கைத் திறமைக்கு, 55 வீதம் மாவட்டச் சனத்தொகைப்படி, 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. மட்டக்களப்பும் அம்பாறையும் அந்தப் பட்டியலில் உண்டு. இந்த வருசம் யார் யார் எதைக் கேட்டார்கள் என்பதைப் பொறுத்துப் புள்ளி ஏறும், இறங்கும். போன வருசப் புள்ளி போன வருசத்தோடு சரி. முடிந்தது. பாம்புக்கு வருவோம்.

2016இல் லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி ஆய்வாளர்கள் 45 பேரை ஒரு கணினி விளையாட்டுக்கு முன்னால் உட்கார வைத்தார்கள். திரையில் கல். கீழே பாம்பு உண்டா இல்லையா என்று ஊகிக்க வேண்டும். பாம்பு இருந்தால், நீங்கள் சரியாகச் சொன்னாலும்கூட, கையில் சுரீரென்று ஒரு கரண்ட் அடி. (சரியாகச் சொன்னதற்குமா அடி என்று கேட்காதீர்கள், சில டியூஷன் வகுப்புகளும் அப்படித்தான்.) விளையாடும்போதே வியர்வையையும் கண்மணி விரிவதையும் அளந்தார்கள்.

பாம்பு கட்டாயம் உண்டு என்று தெரிந்த நேரத்தில் பதற்றம் உச்சத்துக்குப் போகவில்லை. 50க்கு 50 என்றபோதுதான் போனது. அடி விழுவது உறுதி என்றால் உடம்பு ஓரளவு அடங்கிவிடுகிறது!

இப்போது உங்கள் வகுப்பை நினைத்துப் பாருங்கள். இசட் ஸ்கோர் (கம்பஸுக்கு எடுக்கிற ஏ.எல் புள்ளி) 2ஐத் தாண்டியவன் வந்தாறுமூலைக் கிழக்குப் பல்கலைக்கழகமா பேராதனைப் பல்கலைக்கழகமா என்று யோசிக்கிறான். கிடைக்காது என்று தெரிந்தவள் ஆசிரியர்களைப் பயிற்றும் தாழங்குடா கல்வியியற் கல்லூரியைப் பற்றி விசாரிக்கத் தொடங்கிவிட்டாள். போன வருசப் புள்ளிக்கு 0.02 மேலே நிற்கிறவனுக்குத்தான் நித்திரை இல்லை. நானும் அந்தக் கேஸ்தான். ஒரு நாளைக்கு நாற்பது தரம் இணையதளத்தைத் தட்டினேன், டேட்டா முடிந்தது, புள்ளி வரவில்லை.

அந்த ஆய்வில் எனக்குப் பிடித்த இடம் இன்னொன்று. நிச்சயமின்மையோடு சேர்ந்து பதற்றமும் கூடிக் குறைந்தவர்கள்தான் பாம்பை நன்றாக ஊகித்தார்கள். ஆக, பதறுவது மூளைக் கோளாறு இல்லை, அது துப்புத் தேடுகிறது. ஆனால் விளையாட்டில் ஒவ்வொரு கல்லும் ஏதாவது சொல்லிக்கொடுத்தது. நமக்கு ஒரே கல். வாட்ஸ்அப் குழுவில் 'இந்த முறை புள்ளி கூடுமாம்' என்று எழுதுகிறவனுக்கும் உங்களுக்குத் தெரிந்ததுதான் தெரியும். அதனால் அந்தக் குழுவை மியூட் பண்ணுங்கள், இணையதளத்தை இரவு எட்டு மணிக்கு ஒரு தரம் பாருங்கள். புள்ளி வந்தால் ஊரே கத்தும், உங்களுக்கு மட்டும் தெரியாமல் போகாது.

அடுத்தது, கிடைக்காவிட்டால் மறுநாள் காலை என்ன செய்வேன் என்பதை இன்றே ஒரு தாளில் எழுதுங்கள். திரும்பவும் ஏ.எல்லா, கல்வியியற் கல்லூரியா, திறந்த பல்கலைக்கழகமா? கல்லைப் புரட்ட நம்மால் முடியாது, பக்கத்தில் ஒரு தடியாவது இருக்கட்டும்.

'கவலைப்படாதே' என்று சொல்கிறவர்களுக்கும் ஒரு செய்தி. கேட் ஸ்வீனி என்ற உளவியலாளர், வக்கீல் பரீட்சை முடிவுக்காகக் கலிபோர்னியாவில் காத்திருந்தவர்களை ஆராய்ந்தார். காத்திருக்கும்போது கவலைப்பட்டவர்கள்தான் கெட்ட செய்தி வந்தபோது கூடுதலாகத் தாக்குப்பிடித்தார்கள். ஆகவே அம்மாமாரே, பிள்ளை கொஞ்சம் முகத்தைத் தூக்கி வைத்திருந்தால் விடுங்கள். ஆனால் நாள்கணக்கில் சாப்பாடு, நித்திரை இல்லை, வாழ்ந்து என்ன என்ற பேச்சு வருகிறது என்றால் அது வேறு. 1926க்கு எடுங்கள், தேசிய மனநல உதவி இலக்கம், இரவிலும் எடுக்கலாம்.

சரி, கடைசிப் பாம்பு. மாமாங்கக் கோயில் தீர்த்தத் திருவிழாவுக்குப் போனால் ஒரு மாமி கட்டாயம் கேட்பார்: "மனே, கம்பஸ் என்னவாம்? கிடைக்குமாமா?"

நான் சொன்ன பதில்: "வந்தா முதல்ல உங்களுக்குத்தான் சொல்லுவன் மாமி. மறுகா, உங்கட மகனுக்கு எப்ப கலியாணம்?"

அதற்குப் பிறகு அவர் கேட்கவே இல்லை.