28 ஆட்டம் ஃபீல்டிங் செய்தவருக்கு எப்படி கோல்டு க்ளவ் கிடைத்தது?

அடுத்த கேள்வி, அமெரிக்க பேஸ்பாலில் ஒவ்வொரு இடத்துக்கும் சிறந்த ஃபீல்டருக்குத் தரும் கோல்டு க்ளவ் விருதைப் பற்றி. "1999-ல் ரஃபேல் பால்மேரோ 28 ஆட்டத்தில்தான் முதல் பேஸில் நின்றார். அவருக்கு எப்படி கோல்டு க்ளவ் கொடுத்தார்கள்? யார் குறைவாக எரர் செய்தார் என்று பார்த்துத்தானே கொடுக்க வேண்டும்?" என்று ஒரு நேயர் கேட்டிருக்கிறார். நல்ல கேள்வி, ஆனால் இதில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன.

முதலில் எரர் விஷயம். கைக்கு வந்த பந்தைத் தவறவிட்டாலோ தப்பாக எறிந்தாலோதான் ஸ்கோரர் எரர் போடுவார். மெதுவாக ஓடுகிற ஆள் பந்துக்குப் பக்கத்திலேயே போகவில்லை என்றால் அது பேட்ஸ்மேனுக்கு ஹிட், இவர் கணக்கில் எதுவும் ஏறாது. நாலடி கூடுதலாக ஓடிப் பாய்ந்து, கையில் பட்டு நழுவவிட்டவர் பெயரில் எரர் ஏறிவிடலாம். அதனால் எரரை மட்டும் எண்ணி விருது கொடுத்தால் சோம்பேறிக்குத்தான் லாபம்.

சரி, அப்புறம் யார்தான் முடிவு செய்தார்கள்? ராலிங்ஸ் என்கிற கையுறை கம்பெனி 1957-ல் இதை ஆரம்பித்தது. அந்த முதல் வருடம் அமெரிக்கன், நேஷனல் என்கிற இரண்டு லீகுக்கும் சேர்த்து ஒவ்வொரு இடத்துக்கும் ஒருவர்தான், பத்திரிகையாளர்கள் தேர்ந்தெடுத்தார்கள். அடுத்த வருடத்திலிருந்து லீகுக்குத் தனித்தனி விருது, வீரர்களே ஓட்டுப் போட்டார்கள். 1965-லிருந்து மேனேஜர்களும் கோச்சுகளும். சொந்த டீம் ஆளுக்கு மட்டும் ஓட்டுப் போடக் கூடாது. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது, ஆனால் எதிரணி வீரரை அவர்கள் சீசனில் சில ஆட்டங்களில்தான் பார்த்திருப்பார்கள், அதனால் சீட்டு கைக்கு வந்ததும் பழகிய பெயரை எழுதிவிடுவது சுலபம்.

பால்மேரோவுக்கு நடந்தது அதுதான். 1997, 98 இரண்டு வருடமும் வாங்கியவர். 99-ல் டெக்சாஸ் ரேஞ்சர்ஸில் பெரும்பாலும் பேட்டிங் மட்டும் செய்யும் டிஎச், ஆனால் 47 ஹோம் ரன் (நம்ம சிக்ஸர் மாதிரி). பேட் பேசியது, க்ளவ் கிடைத்தது! இது முதல் தடவையும் இல்லை, 1969-ல் பிட்சர் (பந்து எறிபவர்) ஜிம் காட் 8 எரர் செய்துவிட்டு வாங்கிக்கொண்டு போனார். நியூயார்க் யாங்கீஸ் வீரர் டெரெக் ஜீட்டருக்கு ஐந்து தடவை கிடைத்ததைப் பற்றிப் பேசினால் கமென்ட்டில் யாங்கீஸ் ரசிகர்கள் சண்டைக்கு வருவார்கள், ஆனாலும் சொல்கிறேன்: எத்தனை பந்தை எட்டிப் பிடித்தார் என்று கணக்கிட்டவர்கள் அவரைச் சராசரிக்கும் கீழே வைத்தார்கள்.

இந்தக் கோபத்தில்தான் 2006-ல் ஃபீல்டிங் பைபிள் விருது என்று போட்டியாக ஒன்று வந்தது. அதில் இரண்டு லீகுக்கும் சேர்த்து ஓர் இடத்துக்கு ஒருவர்தான். கோல்டு க்ளவும் மெல்ல மாறியது. அதுவரை அவுட்ஃபீல்டில் எந்த மூலையில் நின்றாலும் மூன்று பேர் என்றிருந்ததை 2011-ல் இடது, நடு, வலது என்று பிரித்தார்கள். 2013-லிருந்து பேஸ்பால் ஆராய்ச்சிச் சங்கமான சேபர் தரும் ஃபீல்டிங் புள்ளிவிவரக் குறியீட்டுக்கு மொத்த ஓட்டில் சுமார் கால் பங்கு. 2020-ல் கொரோனாவால் சீசன் 60 ஆட்டமாகச் சுருங்கியபோது ஓட்டே இல்லை, புள்ளிவிவரத்தை மட்டும் வைத்துக் கொடுத்தார்கள்.

இப்போது பால்மேரோ மாதிரி நடக்குமா என்றால், வாய்ப்பில்லை. இன்ஃபீல்டரோ அவுட்ஃபீல்டரோ, டீமின் 138-வது ஆட்டம் முடிவதற்குள் 698 இன்னிங்ஸாவது (ஓர் ஆட்டத்துக்கு ஒன்பது இன்னிங்ஸ்) களத்தில் நின்றிருந்தால்தான் பட்டியலிலேயே பெயர் வரும். 28 ஆட்டத்தில் முழுதாக நின்றாலும் சுமார் 250 இன்னிங்ஸ்தான் தேறும்.