பொடி எழுத்தில் ஒரு பெயர்

அவைத்தலைவர் அவர்களே, எனக்கு முன் பேசி என் வேலையில் பாதியைக் குறைத்துவிட்ட மருத்துவமனை முதல்வர் அவர்களே, இரவுப் பணி முடிந்த களைப்போடு முன்வரிசையில் அமர்ந்திருக்கும் செவிலியர் சங்கத் தலைவி அவர்களே, நாற்காலிகளைச் சுமந்து இந்த அவையை ஒழுங்கு செய்த இளைஞர்களே, அனைவருக்கும் வணக்கம்.

மருத்துவமனைகளின் நிதிக் குறைப்பு, மருந்துகளுக்கான 20 ஆண்டுக் காப்புரிமை, மருந்துச்சீட்டில் எழுதப்படும் பெயர் என்று மூன்று செய்திகளைச் சொல்ல வந்தேன். கண்ணை விற்றுச் சித்திரம் வாங்குவார்களா என்பது பழமொழி. ஆனால், நிதி குறையும்போது கட்டடத்தின் முகப்பு தப்பிவிடுகிறது. மருந்துக் கொள்முதல்தான் அடிபடுகிறது. உள்ளே இருப்பில்லாததை வெளியே வாங்கச் சொல்லிச் சீட்டு எழுதினால், கணக்கேட்டில் அது சேமிப்பு. நோயாளிக்கு அது கடன்.

நான் மருந்தாளுநராக இருந்தபோது, ஒரு பெரியவர் நான்காக மடித்த செய்தித்தாளை என் முன்னே பிரித்தார். உள்ளே பிளேடால் நறுக்கிய பாதி மாத்திரைகள், ஓரமெல்லாம் வெள்ளைத் தூள். "தம்பி, ஒரு மாத மாத்திரையை இரண்டு மாதத்துக்கு இழுத்துவிட்டேன்" என்றார், பெருமையாக. அது நாள் முழுவதும் சிறிது சிறிதாகக் கரைய வேண்டிய இரத்த அழுத்த மாத்திரை. நறுக்கினால் மருந்து ஒரேயடியாக உடம்பில் இறங்கிவிடும். காலையில் தலை சுற்றுகிறது, அதற்கும் ஒரு மாத்திரை வேண்டும் என்றார்! பையில் வேறென்ன என்று கேட்டேன். மருத்துவமனையில் இலவசமாகக் கொடுத்த பெட்டி, பிரிக்கப்படாமலே இருந்தது. "அது வேறு ஏதோ நோய்க்கு, பெயரே வேறல்லவா?" என்றார். அவர் வெளியே வாங்கிய பெட்டி, இந்தப் பெட்டி இரண்டின் அடியிலும் இருந்த பொடி எழுத்தை விரல் வைத்துப் படித்துக் காட்டினேன். ஒரே மருந்து, ஒரே வகை, ஒரே அளவு. வெகுநேரம் பேசாமல் நின்றவர், "இதைப் பெரிதாக அச்சடித்தால் மை தீர்ந்துவிடுமா?" என்று கேட்டார்.

அந்தப் பொடி எழுத்தில் இருந்ததுதான் பொதுப்பெயர், எந்த நிறுவனம் தயாரித்தாலும் மாறாத மருந்தின் பெயர். பெட்டியில் பெரிதாக இருப்பது நிறுவனம் வைத்த வணிகப் பெயர். உலக சுகாதார நிறுவனம் அப்பெயர்களின் முதல் பட்டியலை 1953-இலேயே வெளியிட்டது. 1977-இல் வந்த அத்தியாவசிய மருந்துப் பட்டியலும் பொதுப்பெயர்களில்தான் அமைந்தது. வலிப்பு மருந்து போன்ற சிலவற்றில் ஒரே தயாரிப்பைத் தொடர வேண்டியிருக்கும் என்பதை மறுக்கவில்லை. மற்றவற்றுக்கும் வணிகப் பெயரையே எழுதுவது, கண்ணை விற்றுச் சித்திரம் வாங்கும் அதே வேலை.

காப்புரிமைக்கு நேரமில்லை, அவைத்தலைவர் மேசை மணியின் மேல் கை வைத்துவிட்டார். மருந்துச்சீட்டில் பொதுப்பெயரையும் எழுதக் கோரும் மனு நுழைவாயில் மேசையில் இருக்கிறது. முதல்வர் அவர்களே, முதல் வரியை உங்களுக்காகக் காலியாக விட்டிருக்கிறோம்.