பாசிர் ரிஸ் வரை கூட வந்தவர்

வணக்கம் நேயர்களே. சபையில் மூத்தவர்கள் இளையவர்களை விசுவாசத்தில் எப்படி வளர்த்துவிடுவது என்று பேச என்னை அழைத்திருக்கிறார்கள். இதை யோசித்தாலே எனக்கு நினைவுக்கு வருவது ஒரு ரயில் பயணம்தான்.

சிங்கப்பூரில் தேசிய சேவை என்ற கட்டாய ராணுவப் பணியில் சேர்ந்து தெக்கோங் தீவில் அடிப்படைப் பயிற்சியில் இருந்த நாட்கள். சனிக்கிழமை வீட்டுக்கு வந்தால் ஞாயிறு மாலை முகாமுக்குத் திரும்ப வேண்டும். எங்கள் சபை மூப்பர் ஒருவர், பூகிஸ் நிலையத்திலிருந்து பாசிர் ரிஸ் வரை என்னோடு வருவார். 11 நிறுத்தங்கள். அவர் வீடு அந்தப் பக்கமே இல்லை. என்னைப் படகுத்துறைக்குப் போகும் பேருந்தில் ஏற்றிவிட்டு மறு ரயிலில் திரும்பிவிடுவார்.

"ஜெபம் பண்றியா தம்பி?" என்று எடுத்த எடுப்பில் அவர் கேட்டதே இல்லை. "கால் கொப்புளம் ஆறிடுச்சா? பக்கத்துக் கட்டில் பையன் இன்னும் ராத்திரியில அழுறானா?" என்பார். ஒருநாள் பிடோக் தாண்டும்போது, தாம் வேலை இழந்த வருடம் வேதத்தைத் திறக்கவே மனம் வராமல் கிடந்ததைச் சொன்னார். அதைக் கேட்ட பிறகுதான் என் சந்தேகங்களை வாய்விட்டுச் சொல்லும் தைரியம் எனக்கு வந்தது.

வேதத்தில் அப்போஸ்தலர் நடபடிகள் புத்தகத்தில் பர்னபாவைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இந்த ஐயாவின் முகம் தெரியும். விசுவாசிகளைத் துன்புறுத்திய சவுல், அதாவது பின்னாளில் பவுல் என்று அழைக்கப்பட்டவன், மனம் மாறி வந்தும் எருசலேமில் எல்லாரும் அவனைக் கண்டு பயந்தபோது, அவனைக் கையோடு கூட்டிக்கொண்டு போனவர் பர்னபா. பிறகு அவனைத் தேடித் தர்சு பட்டணத்துக்கே போனார். அந்தியோகியாவில் ஒரு வருடம் முழுக்க இருவரும் சேர்ந்து போதித்தார்கள். 13ஆம் அதிகாரத் தொடக்கத்தில் அந்தச் சபையின் தீர்க்கதரிசிகள், போதகர்கள் பட்டியலில் முதல் பெயர் பர்னபா, கடைசிப் பெயர் சவுல். அதே அதிகாரம் முடிவதற்குள் "பவுலும் பர்னபாவும்" என்று வரிசை மாறிவிடுகிறது. அதற்காகப் பர்னபா முகம் சுளித்ததாக ஒரு வரிகூட இல்லை. ஊழியப் பயணத்தில் பாதி வழியில் விட்டுப்போன மாற்குவை மறுபடி சேர்க்கமாட்டேன் என்று பவுல் பிடிவாதமாக நின்றபோதும், அவனைக் கூட்டிக்கொண்டு சீப்புரு (சைப்ரஸ்) தீவுக்குக் கப்பலேறியவர் பர்னபாதான். பல வருடம் கழித்து அதே பவுல், மாற்கு தனக்கு ஊழியத்தில் பிரயோஜனமுள்ளவன் என்று தீமோத்தேயுவுக்கு எழுதுகிறார்.

மெதடிஸ்ட் சபையின் வரலாற்றிலும் இப்படி ஒன்று உண்டு. 1742இல் பிரிஸ்டலில் கட்டடக் கடனை அடைக்க, ஏறத்தாழ 12 பேருக்கு ஒருவர் என்று பொறுப்பாளர்களை வைத்து, வாரம் ஒரு பென்னி வசூலித்தார்கள். காசு வாங்க வீடு வீடாகப் போனவர்களுக்கு அந்தந்த வீட்டின் நிலைமையும் தெரியவந்தது. இதுவே மேய்ப்புப் பணிக்கு நல்ல வழி என்று மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி பிடித்துக்கொண்டார். வாசற்படி ஏறாமல் ஒருவரின் ஆத்துமாவை விசாரிக்க முடியாது என்பது அன்றே தெரிந்த விஷயம்.

சரி, ஒரு வருத்தத்தையும் சொல்லவேண்டும். ஒரு பிள்ளை நம்பிச் சொன்னதை "ஜெபக் குறிப்பு" என்ற பெயரில் நாலு பேருக்குச் சொல்லிவிடுகிறோம். அந்தப் பிள்ளை அப்புறம் யாரிடமும் வாய் திறக்காது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். அதேசமயம், ஆபத்தான விஷயம் என்றால் மறைக்கவும் கூடாது. பெற்றோர், போதகர், மருத்துவர் என்று உரியவர்களிடம் போகத்தான் வேண்டும். சிறு பிள்ளைகளோடு பேசுவதென்றால் நாலு பேர் பார்க்கும் இடத்தில் உட்கார்ந்து பேசுங்கள்.

நம் பிள்ளைகள் பலர் ஆங்கிலத்தில்தான் மனம் திறக்கிறார்கள். தமிழில் சொல் கிடைக்காமல் தடுமாறும்போது அவசரப்பட்டுத் திருத்தாமல் பொறுத்துக் கேட்டால் போதும், மீதியை அவர்களே சொல்வார்கள்.

நான் சேவை முடித்து வந்ததும், அந்த ஐயா தாம் பல வருடம் நடத்திய ஓய்வுநாள் பள்ளி வகுப்பை என்னிடம் கொடுத்தார். முதல் வாரம் பின் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். இரண்டாம் வாரம் ஆளைக் காணோம். கோபமோ என்று பதறி, வகுப்பு முடிந்ததும் தேடிப் போனேன். சபைச் சமையலறையில், என் வகுப்புப் பிள்ளைகளுக்கு மைலோ கலக்கிக்கொண்டிருந்தார்.