2014-இல் வர வேண்டிய கேம் ஏன் இன்னும் வரவில்லை?

[திரையில்: விண்கலம் ஒன்று கோளில் இறங்குகிறது]

2012 அக்டோபரில் ஒரு கேமை அறிவித்தார்கள். 2014-இல் கையில் கிடைக்கும் என்றார்கள். ரசிகர்கள் போட்ட பணம் 2024-லேயே 70 கோடி டாலரைத் தாண்டிவிட்டது. அந்த ஆண்டும் கேம் முழுமையாக வெளியாகவில்லை! ஸ்டார் சிட்டிசன் என்ற விண்வெளி கேமைத்தான் சொல்கிறேன்.

ஏமாற்று வேலை என்று ஒரு பக்கம் திட்டுகிறார்கள். பொறுத்தவர் பூமி ஆள்வார் என்று இன்னொரு பக்கம் காத்திருக்கிறார்கள். நான் இரண்டு பக்கமும் இல்லை. நேரம் எங்கே போகிறது என்று தெரிந்தால் காத்திருப்பதா, கழன்றுகொள்வதா என்று நீங்களே முடிவு செய்யலாம்.

பின்னணியைச் சட்டென்று முடித்துவிடுகிறேன். 1990-இல் விங் கமாண்டர் என்ற விண்வெளி கேமைச் செய்த கிறிஸ் ராபர்ட்ஸ்தான் இதற்கும் தலைமை. முதல் சுற்றில், மக்களிடம் முன்கூட்டியே பணம் திரட்டும் கிக்ஸ்டார்ட்டர் தளமும் அவர்களுடைய சொந்தத் தளமும் சேர்ந்து சுமார் 62 லட்சம் டாலர் வந்தது. சரி, விஷயத்துக்கு வருவோம்.

[திரையில்: நடுவில் ஒரு புள்ளி, அதிலிருந்து விலகிப் போகும் ஒரு மனிதன்]

இந்த இடம் எனக்கு ரொம்பப் பிடிக்கும், கொஞ்சம் கவனியுங்கள். கேமுக்குள் நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்பதைக் கணினி மூன்று எண்களாக வைத்திருக்கிறது. பல என்ஜின்களில், அதாவது கேமை ஓட்டும் அடிப்படை மென்பொருள்களில், அவை 32 பிட் எண்கள். அதில் ஏறக்குறைய 7 இலக்கம் வரைதான் துல்லியம். கேம் உலகின் மையத்துக்குப் பக்கத்தில் இருக்கும்வரை தொல்லையே இல்லை. 1,000 கிலோமீட்டர் தள்ளிப் போங்கள். இப்போது கணினியால் குறிக்க முடிகிற அடுத்தடுத்த இரண்டு புள்ளிகளுக்கு நடுவே 6 சென்டிமீட்டர் இடைவெளி. உங்கள் விரல் இந்தப் புள்ளியில் இருக்கும், இல்லையென்றால் 6 சென்டிமீட்டர் தள்ளி இருக்கும். இரண்டுக்கும் நடுவே நிற்க இடமே கிடையாது! கையில் இருக்கும் துப்பாக்கி உதறும், முகம் கோணும். 8,389 கிலோமீட்டர் தாண்டினால் அந்த இடைவெளி ஒரு மீட்டர் ஆகிவிடும்.

விண்வெளியில் 8,000 கிலோமீட்டர் என்பது கூப்பிடு தூரம். அதனால் அவர்கள் எடுத்துக்கொண்ட கிரை என்ஜினை 64 பிட்டுக்கு மாற்ற வேண்டியதாயிற்று. பலன் என்ன தெரியுமா? மையத்திலிருந்து 15 கோடி கிலோமீட்டர், அதாவது பூமியிலிருந்து சூரியன் வரைக்குமான தூரம் தள்ளிப் போனாலும் இடைவெளி 0.03 மில்லிமீட்டர்தான். தலைமுடியை விட மெல்லியது! நினைத்தாலே சிலிர்க்கிறது.

ஆனால் இந்த உழைப்பு டிரெய்லரில் தெரியாது. டிரெய்லரில் கலம் பறக்கிறது, கோள் மின்னுகிறது, கேம் பாதி முடிந்த மாதிரி தோன்றுகிறது. பணம் போடும் நேரத்தில் நாம் பார்ப்பது அதை மட்டும்தான். பல சர்வர்களை ஒரே உலகமாகக் கோர்க்கும் வேலை இதைவிடப் பெரிய தலைவலி. அதற்குத் தனி வீடியோ போடுகிறேன்.

அப்புறம், பணம். நிறையப் பணம் வந்தால் சீக்கிரம் முடியும் என்று நினைக்கிறோம். பெரும்பாலும் நேர்மாறாக நடக்கிறது. 2012-இல் டபுள் ஃபைன் என்ற கேம் நிறுவனம் கிக்ஸ்டார்ட்டரில் கேட்டது 4 லட்சம் டாலர், வந்தது 33 லட்சம். அந்த அக்டோபரில் முடிப்பதாகத் திட்டம். பணம் பெருகியதும் கேமும் பெருத்தது, 8 மடங்கு கிடைத்தும் போதவில்லை. புரோக்கன் ஏஜ் என்ற அந்தக் கேமின் முதல் பாதி 2014 ஜனவரியில் வந்தது, இரண்டாம் பாதி 2015 ஏப்ரலில். நடந்ததை ஆவணப்படமாகவே எடுத்துக் காட்டினார்கள். அந்த நேர்மைக்காக எனக்கு அவர்கள் மேல் மரியாதை.

இதேபோல் பணம் திரட்டிய ஷோவல் நைட் என்ற கேமின் குழு 2014 ஜூனில் கேமை வெளியிட்டுவிட்டது. ஆனால் கூடுதல் தொகைக்கு ஈடாகச் சொன்ன வாக்குறுதிகளை முடிக்க 2019 டிசம்பர் ஆயிற்று. சொன்னதைச் செய்தார்கள், ஐந்தரை வருஷம் கழித்து!

அதனால் பணம் திரட்டும் பிரசாரப் பக்கத்தில் இருக்கும் தேதியைக் கேம் பிறப்பதற்கு முன் எழுதிய ஜாதகமாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். கிக்ஸ்டார்ட்டர் கடை கிடையாது, அங்கே நீங்கள் ஒரு முயற்சிக்குத் துணை நிற்கிறீர்கள். இன்று விளையாட முடிகிற பகுதி எவ்வளவு என்று பாருங்கள், அதற்குத் தகுந்த பணத்தை மட்டும் போடுங்கள். கேமுக்குள் இன்னும் வராமல் படமாக மட்டுமே இருக்கும் விண்கலத்தைக் காசு கொடுத்து வாங்காதீர்கள், இதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். மாத அறிக்கைகளில் புதுப் படங்களை விட்டுவிட்டு, எதைக் கைவிட்டோம், எது தள்ளிப்போகிறது என்று எழுதியிருக்கிறார்களா என்று தேடுங்கள். அப்படி எழுதும் குழுவை நான் நம்புவேன்.

[திரையில்: ஒரு பிரசாரப் பக்கம், மதிப்பிட்ட தேதி பெரிதாகிறது]

நீங்கள் பணம் போட்டிருந்தால் அந்தப் பக்கத்தைத் திறந்து மதிப்பிட்ட மாதத்தைப் பாருங்கள். அதையும் கேம் உங்கள் கைக்கு வந்த மாதத்தையும் கமென்ட்டில் எழுதுங்கள். இன்னும் வரவில்லை என்றால் அதையும் எழுதுங்கள். எல்லாவற்றையும் அடுத்த வீடியோவில் ஒரே அட்டவணையாகக் காட்டுகிறேன்.